மூன்றாம் ஓலை

அக்கா அந்தப் பஸ்ஸில் மட்டும் ஏறமாட்டார்.

வாலாஜாபாத்துக்குப் போகிற பஸ் காலையில் எட்டரைக்கு எங்கள் மாதா கோயில் ஸ்டாப்பிங்கில் நிற்கும். அதை விட்டால் அடுத்தது பத்து மணிக்கு. நூலும் பொத்தானும் ஊக்கும் வாங்கப் போகிற நாட்களில் அக்கா எட்டு மணிக்கே பையோடு வந்து நின்றுவிடுவார். எட்டரை பஸ் வரும். கண்டக்டர் "ஏறும்மா, ஏறு" என்று கூவுவார். அக்கா எதிர்ப்பக்கத்து வேலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வேலியில் பார்க்க என்ன இருக்கிறது? யாருடையதோ ஒரு கிழிந்த லுங்கி காயும். டிரைவர் லேசாக ஒரு ஹாரன் அடிப்பார், பஸ் போய்விடும். அக்கா பத்து மணி வரைக்கும் வெயிலில் நிற்பார்.

ஒரகடத்துக்கும் வடக்குப்பட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஊருக்கு நான் மருமகளாகப் போய்ச் சேர்ந்த புதிது. எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பென்னலூர்க்காரி. பொறுமை என்கிற பயிர் எங்கள் வீட்டில் விளைந்ததே இல்லை. முதல் தடவை அக்காவோடு நின்றபோதே கையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னாக்கா, பஸ்ஸு காலியா கீது. ஏறலாம் வா."

"நீ போடி. எனக்கு இந்த பஸ்ஸு ஒத்துக்காது."

"ஒத்துக்காம போறதுக்கு பஸ்ஸு இன்னா கத்திரிக்காயா? ஏறாத பஸ்ஸுக்கு எட்டு மணிக்கே எதுக்கு வந்து நிக்கறே?"

அக்காவுக்குக் காதோரம் மட்டும் சிவந்துபோனது.

அவர் எனக்கு உறவில்லை. அடுத்த வீடு. ஊருக்கே ஜாக்கெட் தைக்கிறவர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை, ஒரு தையல் மெஷினோடு தனியாக இருந்தார். என்ன சங்கதி என்று அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரைப் பிடித்துக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எங்கள் வேதக்காரச் சனங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று. அந்த மூன்று வாரமும் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தப் பூசைக்கு வரக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். கூச்சம்தான், வேறென்ன. அக்காவுக்கு இருபது வயதில் வாலாஜாபாத் பக்கத்து மாப்பிள்ளை ஒருவரோடு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலைக்கு முந்தின சனிக்கிழமை அக்கா நேராகப் போய், "எனக்கு வேணாம் சாமி" என்று சொல்லிவிட்டார். ஏன் எதற்கு என்று யாரிடமும் ஒரு வார்த்தை கிடையாது. கல்யாணம் நின்றது.

"அந்த மாப்பிள்ளதான் எட்டர பஸ்ஸு டிரைவரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவருக்குக் கல்யாணம்?"

"கட்டிக்கல. யாராச்சும் கேட்டா, 'ரெண்டு ஓலை படிச்சாச்சு, ஒண்ணு பாக்கி கீது'ம்பாரு. பஸ்ஸே சிரிக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒருத்தர் ஸ்டாப்பிங்கில் நிற்கிறார், ஒருத்தர் ஸ்டியரிங்கில் உட்காருகிறார், நடுவில் ஒரு லுங்கி காய்கிறது. இரண்டு பேரையும் உட்கார வைத்து நாலு கேள்வி கேட்டால் என்ன என்று கை பரபரத்தது. புது மருமகள் வாயைத் திறந்தால் ஊர் சும்மா விடுமா? அடக்கிக்கொண்டேன்.

மத்தியான வேளையில் அக்கா வீட்டில் நாலைந்து பேர் கூடுவோம். ஊக்கு கட்டுவதும் காஜா எடுப்பதும் வேலை. எனக்கு எட்டாங்கிளாஸ் வரை படிப்பு இருந்ததால் கூடுதலாக ஒரு வேலையும் வந்து சேர்ந்தது. ஸ்கூல் டீச்சரம்மா வீட்டிலிருந்து வாரப் பத்திரிகை ஒன்று அக்காவிடம் வரும், அதில் வருகிற தொடர்கதையை நான் சத்தமாக வாசிக்க வேண்டும். அக்காவுக்கு எழுத்து தெரியாது. டேப்பில் இருக்கிற நம்பர் தெரியும், ஜெபங்கள் மனப்பாடம், அவ்வளவுதான். பத்திரிகையில் வருகிற எம்பிராய்டரி டிசைனை மட்டும் கத்தரித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைப்பார்.

கதையும் அந்த நேரம் பார்த்து வந்து வாய்த்தது. பட்டணத்துப் பெண் ஒருத்தி, தன்னைக் கட்டிக்கொள்ள வந்தவனை வேண்டாமென்று சொல்லிவிடுகிறாள். பிறகு வேறு யாரையும் கட்டாமல், அன்றைக்குச் சரியென்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருப்போம் என்று வாரா வாரம் நினைத்துப் பார்க்கிறாள். ஒரு வாரம் அவனோடு மலைப்பக்கம் வீடு. ஒரு வாரம் மூன்று பிள்ளைகள். ஒரு வாரம் இருவருக்கும் பயங்கரச் சண்டை, இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள்.

எங்களோடு உட்காருகிற கோழிக்காரச் சித்திக்குப் பொறுக்கவில்லை. "இவ ஒருத்தி! நடக்காத கல்யாணத்துக்குப் புள்ள பெத்துக்கினு கீறா!"

எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. மெஷின் சத்தம் நின்றிருந்தது.

மற்றவர்கள் போன பிறகு அக்கா சொன்னார். "அப்படித்தான்டி இருக்கும். எனக்கும் மனசுல ஒரு வூடு கீது. வாசல்ல முருங்க மரம். பின்னால ஒரு பசு. அதுக்குப் பேரு கூட வச்சிட்டேன்."

அப்போதுதான் நான் கேட்டேன், அன்றைக்கு ஏன் வேண்டாமென்று சொன்னாய் என்று. அந்த மாப்பிள்ளை அப்போது ஒரகடத்து ரைஸ்மில்லுக்கு தினமும் இந்த ரோட்டில்தான் சைக்கிளில் போவாராம். அக்கா தண்ணீர்க் குடத்தோடு நிற்பாராம். பேச்சுக் கிடையாது, ஒரு மணி அடிப்பார், அவ்வளவுதான். முதல் ஓலை வாசித்த மறுநாளிலிருந்து சைக்கிள் வரவில்லை. அக்கா இரண்டு வாரம் காத்திருந்தார். ஒரு நாள் கூட வரவில்லை.

"புடிக்கல போலிருக்குது, வூட்டுல கட்டாயப்படுத்தறாங்கன்னு நெனச்சேன். நமக்கும் ரோஷம் கீது இல்ல? நான் முந்திக்கினு சொல்லிட்டேன்."

"கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டிருக்கலாம்" என்றார் அக்கா. "தப்பு பண்ணிட்டேன்டி. இப்போ போயி எந்த மூஞ்சிய வச்சிக்கினு அந்த பஸ்ஸுல ஏறது?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கதையின் கடைசி வாரம் வந்தது. முந்தின வாரம் அவனிடமிருந்து கடிதம் வந்திருந்தது, இன்ன தேதி இன்ன ரயிலில் ஊரை விட்டுப் போகிறேன், விருப்பமிருந்தால் ஸ்டேஷனுக்கு வா என்று. அவள் போவாளா மாட்டாளா? கோழிக்காரச் சித்தி கோழிகளை அடைத்துவிட்டு ஓடி வந்து முன்னால் உட்கார்ந்தார். நான் வாசித்துக்கொண்டே போனேன். 'அவள் கடிதத்தைக் கையில் எடுத்தாள்' என்கிற வரி முடிந்து கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே கதை இல்லை. சதுரமாக ஓர் ஓட்டை இருந்தது. பின்பக்கத்தில் இருந்த எதையோ யாரோ கத்தரித்திருக்கிறார்கள். ஓட்டைக்குக் கீழே 'முற்றும்' மட்டும் மிச்சம்.

டீச்சரம்மா வீட்டுப் பிள்ளைகளின் வேலை என்று நினைத்து மனதுக்குள் திட்டினேன். தலையை நிமிர்த்தினால் நாலைந்து முகங்கள். மெஷினுக்குப் பின்னால் அக்காவின் முகம். ஓட்டை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம்தான். எனக்கு வாய் வரவில்லை. அட்டையை மடக்கி ஓட்டைக்குப் பின்னால் கொடுத்து மறைத்துக்கொண்டு, நிறுத்தாமல் வாசித்தேன்.

அவள் ஓடினாள். ரிக்‌ஷா கிடைக்கவில்லை, செருப்பு அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். ரயிலை நான்தான் பத்து நிமிஷம் பிடித்து நிறுத்திவைத்தேன். தலை நரைத்துப்போய் அவன் பிளாட்பாரத்தில் நின்றான். என்ன பேசுவது என்று தெரியாமல் அவள், "காபி சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அவன், "இல்லை, உனக்காகத்தான் காத்திருந்தேன்" என்றான். முற்றும்.

சித்தி மூக்கைச் சிந்தினார். "செருப்பு அறுந்துச்சே, அங்கதான்டி எனக்கு தாங்கல" என்றார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குனிந்து தைக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை அக்கா எட்டரை பஸ்ஸில் ஏறிவிட்டார்.

நான் பார்க்கவில்லை. கண்டக்டர் சொல்லித்தான் ஊருக்கே தெரியும். முன்பக்கமாக ஏறி, டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, வடக்குப்பட்டு தாண்டுகிற வரைக்கும் பேசாமல் வந்தாராம். பிறகு பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாராம்.

"அப்போ ஏன் இந்த ரோட்டுல வரல?"

இருபது வருஷத்துக்கு முந்தின கேள்வி. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பினாராம்.

"மூணு ஓலை முடியற வரைக்கும் பொண்ணு ஊரு ரோட்டுல மூஞ்சிய காட்டக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லிச்சு. ஏரிக்கரை மேல சுத்திக்கினு போனேன். ஒரு நாளு சைக்கிளோட சேத்துல கூட வுழுந்தேன்."

பூசைக்கு வரக்கூடாது என்கிற வழக்கத்தை அந்த அம்மாள் ரோடு வரைக்கும் நீட்டிவிட்டார்! மகன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு சேற்றில் விழுந்திருக்கிறார். இங்கே அக்கா குடத்தோடு நின்றிருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்கு இரண்டு பேரையும் நாலு சாத்து சாத்தலாமென்று இருந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம்தான். சாமியார் மட்டும், பழைய இரண்டு ஓலை செல்லாது, மூன்றும் மறுபடி வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இந்த மூன்று வாரமும், அவருடைய வார லீவான ஞாயிறு தவிர, ஒரு நாள் விடாமல் அவர் இந்த ரோட்டில் வர வேண்டும். அவரும் சரியென்றார். முதல் ஓலை வாசித்தார்கள். மறுநாள் எட்டரை பஸ் ஊருக்குள் நுழையும்போதே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

ஊரே சந்தோஷமாக இருந்தபோது எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. என் புளுகை நம்பியல்லவா அக்கா பஸ் ஏறினார்? நிஜக் கதை எப்படி முடிந்தது என்று தெரிந்தாக வேண்டும். வாலாஜாபாத் சலூனில் அதே பத்திரிகை போடுவார்கள். என் வீட்டுக்காரரை அனுப்பினேன். ஷேவிங் பண்ணிக்கொண்டு வந்தார், கதையை மறந்துவிட்டார். மறுபடி அனுப்பினேன். கிராப்பு வெட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவது தடவை நான் போட்ட சத்தத்தில் வெட்டுவதற்கு முடியில்லாமலேயே போய்ப் படித்துவிட்டு வந்தார்.

"அவ போகலம்மே. லெட்டர கிழிச்சிப் போட்டுட்டு, ஜன்னல் பக்கம் உக்காந்துக்கினு ரயிலு சத்தத்த கேக்கறா. அவ்ளோதான்."

அதற்குள் இரண்டாவது ஓலையும் வாசித்தாகியிருந்தது.

மூன்றாவது ஓலைக்கு முந்தின சனிக்கிழமை. எட்டரை பஸ் வந்தது. ஹாரன் இல்லை. ஸ்டியரிங்கில் வேறு யாரோ ஒரு மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார். கண்டக்டரும் புதுசு, கேட்டால் ஒன்றும் தெரியாது என்றார். ஸ்டாப்பிங்கில் நின்றிருந்த அக்கா பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கதவு சாத்திக்கொண்டது. அதே சனிக்கிழமை, அதே கதை, சாயங்காலத்துக்குள் இவள் போய் வேண்டாமென்று சொல்லிவிடுவாள் என்று ஊரே குசுகுசுத்தது.

சாயங்காலம் நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஒரு கதையில் பொய் சொல்லிவிட்டேன் சாமி என்று ஆரம்பித்தேன். "கதையே பொய்தானே அம்மா" என்றார் சாமியார். முழுதும் சொல்லி முடித்தேன். அவர், "அவளிடம் போய் உண்மையைச் சொல்லிவிடு. நாளைக்கு ஓலை வாசிப்பதற்கு முன்னால் சொல்லிவிடு" என்றார். இன்றைக்குப் பார்த்தா சொல்ல வேண்டும்? வருவது வரட்டும் என்று அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மிதிக்கவில்லை. மடியில் கல்யாண ஜாக்கெட், கையில் பாதி முடிந்த ரோஜாப்பூ எம்பிராய்டரி. நான் உட்காராமலே மூச்சுவிடாமல் கொட்டினேன். அந்தப் பக்கத்துல ஓட்ட இருந்துச்சுக்கா, நானா இட்டுக்கட்டி சொன்னேன், கதையில அவ போகவே இல்ல.

அக்கா பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒரு சதுரத் தாளை எடுத்து நீட்டினார். ஒரு பக்கம் ரோஜாப்பூ. திருப்பினேன். மறுபக்கம் கதையின் முடிவு.

"டிசைனுக்காவ நான்தான்டி வெட்டினேன். பின்னால கதை கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்? நீ அந்தப் பக்கத்துக்கு வந்ததும், போச்சுடா, பொண்ணு மாட்டிக்கினாடான்னு பாத்தேன். நீ நிக்காம போய்க்கினே கீறே! செருப்பு வேற அறுந்து போச்சு."

"அப்போ நெஜ முடிவு?"

"அன்னிக்கு சாயங்காலமே டீச்சரம்மா கிட்ட குடுத்து படிக்கச் சொன்னேன்."

"தெரிஞ்சிக்கினேவா பஸ் ஏறினே?"

"எழுதினவரு எங்கியோ கீறாரு. அவருக்கு அந்தப் பொண்ணத்தான் தெரியும்" என்றார் அக்கா. "நீ என் மூஞ்சிய பாத்து இல்லடி முடிச்சே."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இன்னிக்கு அவரு வரலியேக்கா" என்றேன்.

"வரல." ரோஜாப்பூவில் இன்னொரு தையல் போட்டார். "காலையிலேருந்து அதே ரோஷம் முட்டிக்கினு வருது. சாமிகிட்ட போயி வேணாம்னு சொல்லிடலாமான்னு ரெண்டு தரம் எழுந்துட்டேன்." ஊசியைத் துணியில் குத்திவைத்தார். "போன தரம் கேக்காம முடிவு பண்ணேன். நாளைக்கு நானே கோயிலுக்கு வரேன். என் காதால ஓலைய கேக்கறேன். அப்புறம் வாலாஜாபாத் போயி அவரையும் கேக்கறேன்."

"பொண்ணு வரக்கூடாதேக்கா."

"வராத இருந்துதான்டி இருவது வருஷம் போச்சு."

மறுநாள் பூசையில் அக்கா முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். கோயில் முழுக்க ஒரே சலசலப்பு. சாமியாருக்குப் பிரசங்கம் இரண்டு இடத்தில் தடுக்கியது. பிரசங்கம் முடிந்து, ஓலையை எடுத்து, இரண்டு பேருடைய பெயரையும் மூன்றாவது முறையாக வாசித்தார். "யாருக்காவது தடை தெரிந்தால்" என்று சொல்லி நிறுத்தினார். அவர் பார்வை தானாக அக்கா பக்கம் போயிற்று. கோயிலே அக்காவைத்தான் பார்த்தது.

அப்போது வெளியே ரோட்டில் ஹாரன் கேட்டது. ஒன்றல்ல. விடாமல் அடித்துக்கொண்டே வந்து கோயில் வாசலில் நின்றது. கடைசி வரிசையில் இருந்த என் வீட்டுக்காரர் வாசலுக்கு ஓடிக் கண்டக்டரைக் கேட்டுவிட்டு, பூசை என்பதையும் மறந்து கத்தினார். "அவருதான்! மூணாவது ஓல அன்னிக்கு இந்த ரோட்டுல வரணும்னு, ஞாயித்துக்கெழம டூட்டிக்காவ நேத்து ஆள் மாத்திக்கினாராம்!"

அக்கா எழுந்து நின்றார். கண்ணில் தண்ணீர் வழிகிறது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"தடை ஒண்ணும் இல்ல சாமி" என்றார். "பூசைய கொஞ்சம் சீக்கிரம் முடிங்க. பஸ்ஸு நிக்குது."